வீட்டு கரண்ட்டில் ஓடும் புகை அலாரம்: வயரிங் முழு விவரம்

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் உள்ளுக்குள்ளேயே கருகிப் புகைய ஆரம்பித்தது. தீ எதுவும் கண்ணில் படவில்லை, பிளாஸ்டிக் பொசுங்கும் கறுப்புப் புகை மட்டும்தான். மயிலாடுதுறைப் பக்கத்தில் பழைய தெரு வீடு எங்களுடையது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என்று நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும், பின்பக்கம் மட்டும் பிற்பாடு கட்டிய ஒரு கான்கிரீட் மாடி. அம்மா படுப்பது ரேழியை ஒட்டிய அறையில், நாங்கள் மாடியில். கூடத்தில் ஒரு பேட்டரி அலாரம் மாட்டியிருந்தேன், அது கத்தவும் செய்தது. யாருக்கும் கேட்கவில்லை. வெளியே மழை, மாடியில் ஃபேன் சத்தம், நடுவில் மூன்று கதவு. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா கூடத்துக் கதவைத் திறந்தபோதுதான் விஷயமே தெரிந்தது.

அந்த வாரமே வீட்டு கரண்ட்டில் ஓடுகிற, ஒன்றோடொன்று வயரால் இணைந்த அலாரம் போடுவது என்று முடிவு செய்தேன். எங்கே புகை வந்தாலும் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைக் கொண்டுபோன தீயும் கீழே சமையல் நடந்த இடத்தில் பற்றி மேலே பிள்ளைகள் இருந்த கூரைக்குத் தாவியதுதான். தீ ஓரிடத்திலும் ஆட்கள் வேறிடத்திலும் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது 230 வோல்ட் வேலை. மின்கம்பியாள் சான்று உள்ள வயர்மேனை வைத்துத்தான் செய்ய வேண்டும். அப்புறம் எதற்கு இவ்வளவு எழுத்து என்றால், நம் பக்கத்து வயர்மேன்களில் பலர் ஃபேன், லைட், மோட்டார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள், வீட்டுப் புகை அலாரம் மட்டும் தொட்டிருக்கவே மாட்டார்கள். பக்கத்தில் நின்று "இது இப்படி, அது அப்படி" என்று சொல்ல உங்களுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

எதை வாங்குவது

கடையில் புகை டிடெக்டர் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது அலுவலகம், லாட்ஜ், கல்யாண மண்டபத்தில் மாட்டும் வகை. பார்க்க ஒரே மாதிரி வட்டமாக இருக்கும், ஆனால் அது தனியாக ஒரு கன்ட்ரோல் பேனல் வைத்து 24 வோல்ட் டிசியில் ஓடுவது. பெரும்பாலும் அதற்குள் சொந்தமாகச் சத்தம் போடும் ஹாரனும் இருக்காது. அதில் நேராக 230 வோல்ட்டைக் கொடுத்தால் அங்கேயே எரிந்துவிடும். நமக்கு வேண்டியதன் அட்டையில் 230 வோல்ட் ஏசி, 50 ஹெர்ட்ஸ் என்று இருக்க வேண்டும், உள்ளே பேக்கப் பேட்டரி இருக்க வேண்டும், மற்ற அலாரத்தோடு இணைக்கத் தனி முனை ஒன்றும் இருக்க வேண்டும். ஈ.என். 14604 என்ற ஐரோப்பியத் தர எண் இருந்தால் நல்லது. அந்தத் தரப்படி 3 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் சத்தமாவது வர வேண்டும்.

நம் மாவட்டங்களில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார். சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புது வீடுகளில் அலாரம் கட்டாயம், அதனால் அங்கே இது சாதாரணமாகக் கிடைக்கும், அங்கேயும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்தான். ஊருக்கு வருகிறவரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்லலாம். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம் மட்டும் கேட்காதீர்கள், அங்கே 120 வோல்ட்.

எத்தனை வாங்கினாலும் ஒரே கம்பெனி, ஒன்றோடொன்று சேரும் என்று கையேட்டில் எழுதியிருக்கும் மாடல்களாக வாங்குங்கள். இணைப்பு வயரில் ஓடும் சிக்னல் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இரண்டு பிராண்டைக் கோத்தால் அடிக்காமல் போகலாம், போர்டே கெட்டும் போகலாம். ஒரு இணைப்பில் அதிகபட்சம் எத்தனை அலாரம் சேரும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகையைப் பொறுத்தவரை அறைகளுக்கு ஆப்டிகல், அதாவது உள்ளே உள்ள ஒளியைப் புகை சிதறடிப்பதை வைத்துக் கண்டுபிடிக்கும் வகை, போதும். ஒயர், மெத்தை, பிளாஸ்டிக் எல்லாம் மெதுவாகக் கருகிப் புகைவதை அது சீக்கிரம் பிடிக்கும், எங்கள் ஸ்டெபிலைசர் மாதிரி. அயனைசேஷன் என்று இன்னொரு வகை உண்டு, அதற்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் சிறு அளவில் இருக்கும், தாளிப்புக்கும் தோசைப் புகைக்கும் அநியாயத்துக்கு அடிக்கும். வேண்டாம். அடுக்களைக்குள் புகை அலாரமே வேண்டாம், வெப்ப அலாரம் வாங்குங்கள். அது புகையைப் பார்க்காது, சூடு சுமார் 58 டிகிரியை எட்டினால்தான் அடிக்கும். சித்திரை வெயிலும் அடுப்புச் சூடும் சேர்ந்தாலும் அடுக்களைக் கூரை அந்த அளவுக்குப் போகாது.

எங்கே மாட்டுவது

படுக்கும் அறை ஒவ்வொன்றிலும் ஒன்று, அந்த அறைகளுக்கு வெளியே உள்ள வழியில் ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒன்று, அடுக்களையில் வெப்ப அலாரம். எங்கள் வீட்டுக்கு மொத்தம் 7 வந்தது.

நம் பழைய வீடுகளில் ஒரு சங்கடம், முற்றம். புகை மேலே எழும்பி முற்றத்தின் வழியே வானத்துக்குப் போய்விடும், தாழ்வாரத்தில் மாட்டிய அலாரத்துக்கு எட்டவே எட்டாது, சாரலும் காற்றும் வேறு அதைக் கெடுக்கும். அதனால் தாழ்வாரத்தை விட்டுவிட்டுக் கதவு போட்ட அறைகளுக்குள்ளும் ரேழியிலும் மாட்டினோம். ஓட்டு வீடாக இருந்து கீழே மச்சு இருந்தால் மச்சுக்கு அடியில் மாட்டுங்கள். மச்சு இல்லாமல் நேராக ஓடு தெரிந்தால் உச்சியிலிருந்து இரண்டடிக்குள், ஆனால் உச்சி முனையிலேயே ஒட்டாமல், ஒரு பலகை அடித்து அதில் மாட்டலாம். ஓட்டு இடுக்கு வழியாகப் புகை கசிவதால் கான்கிரீட் தளம் போல அவ்வளவு வேகமாக அது பிடிக்காது, இதை மனதில் வைத்துக்கொண்டு அங்கே படுப்பவருக்கு அருகே உள்ள அறையிலும் ஒன்று கூடுதலாகப் போடுவது நல்லது.

கான்கிரீட் தளத்தில் சுவரிலிருந்தும் லைட்டிலிருந்தும் ஒரு அடியாவது தள்ளி. சுவரும் கூரையும் சேரும் மூலை இடுக்கில் காற்று அசையாது, புகை அங்கே கடைசியாகத்தான் போகும். அடுப்பிலிருந்து 10 அடி. ஏசி காற்று வரும் வாயிலிருந்தும் ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்தும் 3 அடி. இந்த ஃபேன் கணக்கில்தான் நம் சிறிய அறைகள் திணறும். 10க்கு 10 அறை, நடுவில் 48 அங்குல ஃபேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறக்கை நுனி நடுவிலிருந்து 2 அடி. நேர் சுவர்ப் பக்கம் பார்த்தால் இடமே இல்லை. இரண்டு சுவரிலிருந்தும் ஒவ்வொரு அடி தள்ளிய மூலைப் பக்கம் போனால் நுனியிலிருந்து மூன்றரை அடிக்கு மேல் கிடைக்கிறது, அங்கேதான் மாட்ட வேண்டும்.

பூஜை அறைக்குள் வேண்டாம். கற்பூரமும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் நிச்சயம் அடிக்க வைக்கும். இரண்டு முறை சும்மா அடித்தால் மூன்றாம் முறை வீட்டில் யாராவது அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள், நான் நேரில் பார்த்தது. பூஜை அறை வாசலிலிருந்தும் குளியலறைக் கதவிலிருந்தும் தள்ளியே வையுங்கள், வெந்நீர் ஆவியும் அதற்குப் புகைதான்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது

இதற்கென்று தனி எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானாக அணையும் ஸ்விட்ச்) வைக்கலாம். நான் வைக்கவில்லை. தனியாக வைத்தால் அது என்றைக்காவது டிரிப் ஆனாலும், யாராவது அணைத்துவிட்டாலும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தினம் எரிகிற கூடத்து லைட் சர்க்யூட்டில், 6 ஆம்பியர் எம்சிபியில் சேர்த்தால் லைட் போனதும் உடனே கவனிப்போம். அலாரம் இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம், லைட் சர்க்யூட்டுக்கு அது பாரமே இல்லை.

சரி, இங்கேதான் எல்லோரும் செய்யும் தப்பு வருகிறது. நம் வீடுகளில் பேஸ், அதாவது கரண்ட் வரும் வயர், நேராக ஸ்விட்ச் போர்டுக்குத்தான் வரும். மேலே லைட்டுக்கும் ஃபேனுக்கும் போவது ஸ்விட்சைத் தாண்டிய வயர். வயர்மேன் வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று கூரையில் பக்கத்தில் இருக்கும் லைட் பாயிண்டிலிருந்தே அலாரத்துக்குக் கொடுத்துவிட்டால், ராத்திரி லைட்டை அணைத்ததும் அலாரத்துக்கும் கரண்ட் போய்விடும். நாம் தூங்கும் நேரமெல்லாம் அது பேட்டரியிலேயே ஓடும். ஸ்விட்ச் போர்டுக்குள் ஸ்விட்சுக்கு முன்னால் இருக்கும் பேஸ் லூப்பிலிருந்து புதிதாக ஒரு வயர் எடுத்து மேலே கொண்டுபோக வேண்டும். வேலை முடிந்ததும் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு அலாரத்தில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் சரி.

மூன்று பேஸ் வீடு என்றால் எல்லா அலாரமும் ஒரே பேஸ், ஒரே எம்சிபி, ஒரே நியூட்ரலில் இருக்க வேண்டும். மாடிக்கு ஒரு பேஸ், கீழுக்கு ஒரு பேஸ் என்று பிரித்து நடுவில் இணைப்பு வயரைக் கோத்தால் வீணாகும். இன்வெர்ட்டரிலும் அப்படியே, எல்லாம் இன்வெர்ட்டர் லைனில் அல்லது எதுவுமே அதில் இல்லை. பாதிப் பாதி கூடாது. கரண்ட் சீரான அலையாக வராத பழைய ஸ்குயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் அலாரம் அதில் ஓடலாமா என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் சேருங்கள். சந்தேகமாக இருந்தால் இன்வெர்ட்டர் இல்லாத லைட் லைனில் கொடுத்துவிடலாம், அதற்குத்தானே உள்ளே பேட்டரி.

வயர்

ஐ.எஸ். 694 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர், எஃப்.ஆர். (எளிதில் தீ பரவாத) வகை. பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. இணைப்புக்கு வீட்டில் வேறெங்கும் இல்லாத ஒரு நிறம், நான் சாம்பல் எடுத்தேன். மஞ்சளும் நீலமும் வேண்டாம், மூன்று பேஸ் வீட்டில் அவையும் பேஸ் நிறங்கள், பின்னால் வரும் வயர்மேன் அதை பேஸ் என்று நினைத்துக் கோத்துவிடுவார்.

"சிக்னல்தானே போகுது, டெலிபோன் வயர் போதும் சார்" என்று சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பல மாடல்களில் இணைப்பு முனை உள்ளே மெயின் கரண்ட்டோடு தொடர்புள்ளது, தொட்டால் ஷாக் அடிக்கலாம், அதுவும் 230 வோல்ட் வயர்களோடு ஒரே பைப்பில் போகிறது. அதனால் அதுவும் அதே ஒன்றரை ஸ்கொயர், அதே தடிமன் இன்சுலேஷன்.

சுண்ணாம்புச் சுவர் வீட்டில் காடி வெட்டாதீர்கள், பொலபொலவென்று கொட்டும். மேலோடு கேசிங் பட்டி அடித்தோம், தேக்கு உத்திரத்தின் பக்கவாட்டில் ஓட்டியதால் கண்ணுக்கும் தெரியவில்லை. மாடியில் ஏற்கனவே பைப் இருந்தது, அதில் ஸ்பிரிங் விட்டு இழுத்தோம்.

கை வைக்கும் முன்

மெயினை அணைத்துவிட்டோம், கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. மெயினை அணைத்த மறுநொடியே அது லைட் சர்க்யூட்டுக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும், நாம் கை வைக்கப்போவதும் லைட் சர்க்யூட்டில்தான். மெயினையும் அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, பைபாஸ் ஸ்விட்ச் இருந்தால் அதையும் பார்த்து, எம்சிபிக்கள் இருக்கும் டிபி பாக்ஸைப் பூட்டுங்கள் அல்லது ஒரு ஆளை நிறுத்துங்கள். டெஸ்டர் பல்பை மட்டும் நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு கை வைக்கும் இடத்தில் பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் சோதியுங்கள், கடைசியில் மீட்டரை மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் நியூட்ரலைப் பக்கத்துச் சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கியிருப்பார்கள், அதனால்தான் மூன்றாவது சோதனை.

இணைப்பது

போர்டிலிருந்து முதல் அலாரத்துக்கு பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் வரும். முதல் அலாரத்திலிருந்து அடுத்ததற்கு இவற்றோடு சாம்பல் வயரும் சேர்ந்து நான்காகப் போகும். அப்படியே கடைசி வரை சங்கிலி மாதிரி. ஒவ்வொரு அலாரத்தின் அடித்தட்டிலும் பேஸ் முனையில் சிவப்பு, நியூட்ரல் முனையில் கறுப்பு, இணைப்பு முனையில் சாம்பல். பெரும்பாலான அலாரங்களுக்கு எர்த் முனை இருக்காது, பரவாயில்லை, பச்சை வயரை வெட்டிவிடாமல் ஒரு கனெக்டரில் போட்டு அடுத்த இடத்துக்குத் தொடருங்கள்.

சாம்பல் வயர் எக்காரணம் கொண்டும் பேஸையோ நியூட்ரலையோ எர்த்தையோ தொடக் கூடாது. ஒரே ஒரு இடத்தில் மாறிப்போனாலும் எல்லா அலாரமும் மொத்தமாகப் போகலாம், 7 அலாரத்தின் விலை. நான் ஒவ்வொரு பெட்டியிலும் சாம்பல் வயருக்கு ஒரு டேப் சுற்றி "இணைப்பு" என்று எழுதி வைத்தேன்.

அலாரத்தை அடித்தட்டில் பொருத்துவதற்கு முன்பே வயருக்கு மெகர் சோதனை (இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது) செய்துவிட வேண்டும். பொருத்திய பிறகு 500 வோல்ட் மெகரைக் கொடுத்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் செத்துவிடும். இன்னொரு சின்ன வேலை, பைப் கூரைக்குள்ளிருந்து வரும் ஓட்டையைப் புட்டியால் அடைத்துவிடுங்கள். அந்த ஓட்டை வழியே வரும் காற்று, அலாரத்துக்குள் புகை போகவிடாமல் தள்ளும். இதை யாரும் செய்வதில்லை, ஐந்து நிமிட வேலைதான்.

பெயின்ட் வேலை பாக்கி இருந்தால் அலாரத்தின் மேல் உள்ள தூசி மூடியைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்த அன்று மறக்காமல் கழற்றுங்கள்.

சோதனை

பேட்டரியை இணைத்து, அலாரத்தைத் திருகி மாட்டி, கரண்ட் போடுங்கள். எல்லாவற்றிலும் பச்சை எரிய வேண்டும். ஒன்றின் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், சில நொடியில் எல்லாம் சேர்ந்து அடிக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போய் ஏழையும் அழுத்திப் பார்த்தோம், ஏனென்றால் ஒரு அலாரம் சிக்னலை வாங்கிக்கொள்ளும், ஆனால் அனுப்பாது, அப்படியும் இணைப்பு தளர்ந்திருக்கலாம். பிறகு எம்சிபியை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் மட்டும் மறுபடி ஒரு சுற்று. கடைசியாக எல்லா அறைக் கதவையும் சாத்திவிட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அம்மாவைப் படுக்கச் சொல்லி அடுக்களையில் அழுத்தினேன். எழுந்து வந்துவிட்டார்கள். காது மந்தமானவர் வீட்டில் இருந்தால் தலையணைக்கு அடியில் அதிரும் பேடு இணைக்கக்கூடிய மாடல்கள் உண்டு, அதை வாங்குவதற்குச் செலவு பார்க்காதீர்கள்.

காகிதத்தைக் கொளுத்திக் காட்டிச் சோதிக்க வேண்டாம், கரி உள்ளே படிந்துவிடும்.

மாட்டிய பிறகு

மாதம் ஒருமுறை பட்டனை அழுத்துங்கள், நாங்கள் அமாவாசையன்று செய்கிறோம், மறக்காது. நம் ஊரில் இதற்குப் பெரிய எதிரி பூச்சிதான். வயல் பக்கத்து வீடு, மழைக்குப் பின் ஈசல் கிளம்பும் நாட்களில் சின்னப் பூச்சி உள்ளே புகுந்தால் புகை என்று நினைத்து அடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேக்கம் கிளீனரின் மெல்லிய பிரஷால் சுற்றிலும் இழுத்துவிடுங்கள். போகி அன்று காலையிலும், அறுவடை முடிந்து பக்கத்தில் வைக்கோல் கொளுத்தும் நாட்களிலும் ஜன்னலைச் சாத்துங்கள், அடித்தால் நிறுத்தப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் சில நிமிடம் அடங்கும். கழற்ற வேண்டாம்.

நிமிடத்துக்கு ஒருமுறை "கீச்" என்று மட்டும் சத்தம் வந்தால் அது தீ இல்லை, பேட்டரி தீர்கிறது. சில மாடல்களில் 9 வோல்ட் பேட்டரி மாற்றலாம், சிலவற்றில் 10 வருடம் வரும் லித்தியம் உள்ளேயே மூடியிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் பல நாள் கரண்ட் இல்லை. அப்படி நீண்ட நாள் கரண்ட் போய்த் திரும்பினால் 9 வோல்ட் வகைக்கு உடனே புது பேட்டரி போடுங்கள். பேட்டரி நன்றாக இருந்தாலும் 10 வருடத்தில் அலாரத்தையே மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் உணர்வி மங்கிவிடும். மாட்டிய தேதியை அதன் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதிவைத்தேன்.

எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும்போது தீ எங்கே என்று குழப்பம் வரும். பல மாடல்களில் முதலில் புகையைப் பிடித்ததில் மட்டும் சிவப்பு விளக்கு வேகமாக மின்னும். அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள், பிறகு 101. கொல்லைக் கதவுக்கு நாங்கள் ராத்திரியில் பூட்டுப் போட்டுச் சாவியை அம்மாவின் தலைமாட்டில் வைப்பது வழக்கம். அடுக்களையில் தீ என்றால் மாடியிலிருந்து இறங்குகிற எங்களுக்கு அந்தக் கதவுதான் வழியாக இருக்கும் என்பது அலாரம் மாட்டிய அன்றுதான் உறைத்தது. இப்போது பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கத் தாழ்ப்பாள் இரண்டு போட்டிருக்கிறோம்.